கண்ணாடிக்குப் பின்னால் நான்கு நிமிடம்

அத்தியாயம் பதினான்கு

"இன்னொரு தடவை அந்தச் சத்தம் என் காதுல விழுந்தா, படம் எடுக்க வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று நாடக இயக்குநர் அம்மாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது. பாப்பாவின் காதில் அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

பாப்பா என்றதும் தொட்டில் குழந்தையை நினைத்துவிட வேண்டாம். இந்த வாரம்தான் உள்ளே நுழைபவர்களுக்காகச் சொல்கிறேன்: வயது நாற்பத்தொன்று. பதினோரு வருடமாக அந்த நாடக அரங்கின் புகைப்படக்காரி. அண்ணன் வைத்த செல்லப்பெயர் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வாயிலும் ஒட்டிக்கொண்டு, அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவர் வரைக்கும் பரவிவிட்டது. பெயர் வைத்த அண்ணன் மட்டும் எட்டு மாதமாக அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. அவன் அதே அரங்கில்தான் ஒளி இயக்குபவன். தினமும் பார்க்கிறார்கள், பேசுவதில்லை.

சத்தம் அவளுடைய கேமராவின் சத்தம். பழைய கேமரா. உள்ளே கண்ணாடி ஒன்று மேலே போய்க் கீழே வரும். வரும்போது 'டொக்' என்று ஒரு அடி. வீட்டில் அதற்குப் பெயரே டொக்குதான். அமைதியான அரங்கில் அந்த அடி கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

அதற்குப் பாப்பா ஒரு வழி வைத்திருந்தாள். நாடகத்தின் முதல் ஒத்திகைகளுக்குக் கேமரா இல்லாமல் வெறும் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகப் போவாள். எந்த இடத்தில் கதவு சாத்துகிறார்கள், எங்கே பாத்திரம் விழுகிறது, எங்கே இடி இடிக்கிறது என்று எல்லாச் சத்தத்தையும் குறித்துக்கொள்வாள். பிறகு அந்தச் சத்தங்களுக்குள் தன் 'டொக்'கை ஒளித்துவிடுவாள். கதவுக்குள் ஒரு படம், இடிக்குள் மூன்று படம். பதினோரு வருடமும் இந்தக் கள்ளத்தனம் யாருக்கும் தெரியாமல் ஓடியது.

இந்தப் புது நாடகம்தான் அவளை மாட்டிவிட்டது. கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவருக்கு மகனிடமிருந்து கடிதம் வருகிறது. விளக்கை ஏற்றிப் படிக்கிறார், மடிக்கிறார், நாற்காலியில் உட்காருகிறார். நான்கு நிமிடம். பேச்சு இல்லை, இசை இல்லை, இருமல்கூட இல்லை. நாடகத்தின் உயிரே அந்த நான்கு நிமிடத்தில் இருந்ததால் சுவரொட்டிக்கான படமும் அங்கிருந்துதான் வர வேண்டும். மூன்று நாள் முன்பு அங்கே அவள் துணிந்து ஒரு தடவை அழுத்தினாள். பெரியவராக நடிப்பவரின் தோள் தூக்கிப் போட்டது.

இன்று மூன்று மணிக்குக் கடைசி ஒத்திகை. படமும் வேண்டும், சத்தமும் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் பதினோரு வருட வேலை போய்விடும்.

---

"சத்தம்தானே பிரச்சினை? சத்தம் போடாத கேமராவை வாங்கு. இதுல மண்டையை உடைச்சுக்க என்ன இருக்கு?" என்றார் அவள் கணவர்.

காலை எட்டு மணி. சமையலறை ஜன்னலோரம் இருந்த மேசையில் இரண்டு திரைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். அவள் எடுக்கும் படங்களைச் சீராக்கி, மெருகேற்றி, கேட்டவர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வருடமாகச் சேர்த்து வைத்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான் போதும். புதுக் கேமரா, இல்லாவிட்டால் நல்ல லென்ஸ். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு.

பாப்பா தன் கட்சியைச் சொன்னாள். லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சத்தைத்தான் எந்தக் கேமராவும் பார்க்க முடியும். இருக்கிற பழைய ஜூம் லென்ஸ் நீட்ட நீட்ட மங்கிப்போகிறது. மேடையின் மறுகோடியில் நிற்பவர் முகம் நனைந்த காகிதம் போல ஊறித்தான் வருகிறது. சத்தம் போடாமல் எடுத்தாலும் ஊறின முகம் ஊறின முகம்தான்.

"நீ இருட்டை எடுத்துட்டு வந்து குடுக்கற. நான் உட்கார்ந்து வெளுக்கறேன்" என்றார் அவர், கண்ணைக் கசக்கியபடி. "புதுக் கேமராவுக்கு இருட்டுலயும் நல்லாக் கண்ணு தெரியும். உன் வேலையும் நிக்கும், என் கண்ணும் நிக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ராப்பகலாக அவர் அந்தத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ரொட்டியில் வெண்ணெய் தடவி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கடைக்குப் போன் பண்ணிட்டேன். கடை மூடற ஆறு மணி வரைக்கும் கேமராவை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

"என்னைக் கேக்காமலா?"

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இது அவருடைய பழைய வியாதி. நல்லது என்று நினைத்துவிட்டால் கேட்காமல் செய்துவிடுவார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எட்டு மாதம் முன்பும் இப்படித்தான். அப்போதைய நாடகத்தில் ஒரு நடிகர் உட்கார ஒரு நொடி தாமதித்துவிட்டார். வெளிச்சம் சொன்ன நேரத்துக்கு வந்து காலி நாற்காலி மேல் விழுந்தது. அந்த நொடியைப் பாப்பா எடுத்திருந்தாள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று கணவர் அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். 'வெளிச்சத்துக்கு ஆளைத் தெரியவில்லை' என்று கீழே எழுதிப் போட்டார்கள். ஒரு மாதம் அரங்கமே அண்ணனைக் கேலி செய்தது.

அண்ணன் தங்கைக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வெளிச்சம் அவனுடையது, அதனால் எந்தப் படத்தையும் முதலில் பார்ப்பவன் அவன்தான். அவன் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு. அது அன்றைக்கு உடைந்தது. அனுப்பியது நான்தான் என்று பாப்பா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், கணவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கணவருக்கு அது தெரியும். நன்றி சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து மைத்துனர் முகத்தில் விழிக்காமல் ஒதுங்கியே இருக்கிறார்.

"நானே போய்ப் பார்த்து முடிவு பண்றேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள் பாப்பா. அந்தக் குரல் வந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் அவளை மாற்ற முடியாது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் ரொட்டியைத் தின்றார்.

---

கேமராக் கடையில் புதுக் கேமராவை முதலில் கையில் எடுத்தாள். நல்ல கேமராதான், பொய் சொல்லக்கூடாது. அழுத்தினாள். படம் எடுத்ததா இல்லையா என்றே தெரியவில்லை, திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதை வாங்கினால் இன்று மதியம் பிரச்சினையே இல்லை. தன் பழைய ஜூமை அதில் மாட்டிக் கடையின் இருண்ட மூலையில் நின்ற விற்பனைப் பெண்ணை எடுத்துப் பார்த்தாள். சத்தம் இல்லை, இருட்டும் குறைவு, ஆனால் முகம் அதே ஊறின முகம்.

"அந்த நீள லென்ஸைக் குடுங்க" என்றாள்.

வாய் அகன்ற, கனமான லென்ஸ். டொக்கில் மாட்டினால் கழுத்தே முன்னால் இழுத்தது. கடைக்குள் இருந்து பார்த்தால் கடைக்காரரின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது, இவ்வளவு கிட்டத்தில் அதற்கு வேலை இல்லை. பாப்பா வெளியே போனாள். தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரோரம் நின்று, கடையின் கண்ணாடிக் கதவு வழியாகக் குறி பார்த்தாள். உள்ளே கடைக்காரர் ஒரு ரசீதை மூக்கோடு ஒட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு தடவை அழுத்தினாள்.

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கடைக்காரரின் கண் இமை தெரிந்தது. கைக்கடிகாரத்தின் முள்ளும் தெரிந்தது.

திரும்பி வந்ததும், "என்ன, எடுக்கலையா?" என்று கேட்டார் அவர். "டொக்குனு கேக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். ஒண்ணுமே கேக்கலையே."

பாப்பா கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மாதமாக வீட்டில் இரண்டு பேரும் கேமராவைப் பற்றி வாய் வலிக்கப் பேசியிருக்கிறார்கள், எங்கே நின்று எடுப்பது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த லென்ஸ் இருந்தால் மேடைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதே இல்லை. அரங்கின் பின்சுவரில், உயரத்தில், தடித்த கண்ணாடி போட்ட ஒரு அறை இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தும்மினாலும் வெளியே கேட்காது.

அது அண்ணனின் அறை.

ஆனாலும் அவள் தயங்கி நிற்கிற பெண் இல்லை. "ஆறு மணிக்குள்ள இதோட வரேன், இல்லைன்னா இதை வாங்கிக்கறேன்னு போன் பண்றேன்" என்றாள். பதினோரு வருட வாடிக்கை என்பதால் கடைக்காரர் தலையாட்டினார். ஈடாகத் தன் பழைய ஜூமை மேசை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். இனி இன்றைக்கு இந்த லென்ஸை விட்டால் கையில் வேறு எதுவும் இல்லை.

---

இரண்டரை மணிக்கு இரும்புப் படியேறிக் கதவைத் தட்டினாள்.

ஒளிப் பலகைக்கு முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. எந்த விளக்கு எந்த எண்ணிக்கையில் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று எழுதிய தாள்கள் எதிரே. தாள்களின் மேல் கழுத்து வளைந்த ஒரு சின்ன மேசை விளக்கு.

"படம் எடுக்கறவங்களுக்குக் கீழே இடம் இருக்கு" என்றான், திரும்பாமல்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரை ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணா, அந்தப் படத்தை உன்கிட்ட காட்டாம விட்டது தப்பு. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். எட்டு மாசம் ரோஷம் பார்த்துட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவன் "ம்" என்றான். அந்த 'ம்'மில் மன்னிப்பு இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க இடம் வேண்டும், இன்று படம் வராவிட்டால் நாளை முதல் தனக்கு இங்கே வேலை இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கினான். பிறகு மூலையில் இருந்த தேநீர்க் குடுவையை எடுத்துக் கீழே வைத்தான்.

"அங்க நில்லுங்க. பலகையைத் தொடக்கூடாது."

நில்லுங்க என்ற அந்த மரியாதை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் இடம் கிடைத்துவிட்டது. லென்ஸின் வாயைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியைப் போர்த்தினாள்.

நாடகம் தொடங்கியது. முதல் காட்சியில் தைரியமாக ஒரு படம் எடுத்தாள். அறைக்குள் 'டொக்' என்று அதிர்ந்தது. கீழே ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாடகத்தில் முதல் தடவையாக நோட்டுப் புத்தகம் பைக்குள் சும்மா கிடந்தது.

சிரிப்பு அரை மணி நேரம்தான் நிலைத்தது. மேடை இருள இருளப் படத்தின் வலது பக்கத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல் தெரிய ஆரம்பித்தது. துணியை இழுத்துப் பார்த்தாள், கையால் மறைத்துப் பார்த்தாள், போகவில்லை. அந்த அறைக்கு இரட்டைக் கண்ணாடி. அண்ணனின் மேசை விளக்கு முதல் கண்ணாடியைத் தாண்டி இரண்டாவதில் பட்டு, துணிக்குள்ளேயே புகுந்து வந்தது. பெரியவர் நாற்காலியில் உட்காரும்போது அவர் முகம் வரவேண்டிய இடத்தில்தான் அந்தத் தீற்றல்.

விளக்கை அணைக்கச் சொல்லலாம். அணைத்தால் அவனுக்குத் தாள் தெரியாது. அந்த நான்கு நிமிடத்தில் மட்டும் பதினோரு ஒளி மாற்றங்கள், எல்லாம் கையால் மெல்ல நகர்த்துபவை. ஒன்று பிசகினாலும் மறுபடியும் காலி நாற்காலிக்கு வெளிச்சம் போகும், மறுபடியும் அரங்கமே சிரிக்கும். தன் வேலைக்காக அவன் மானத்தை இரண்டாம் தடவை பணயம் வைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"என்ன?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லை."

"துணியைப் போட்டு அந்தப் பாடு படுத்தறீங்க. சொல்லுங்க."

"உன் விளக்கு கண்ணாடியில விழுது. பரவாயில்லை, நான் சமாளிச்சுக்கறேன்."

அவன் விளக்கைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். கீழே கடிதம் கொண்டுவந்தவர் வெளியேறினார். அரங்கம் அடங்கியது. நான்கு நிமிடம் தொடங்கும் அந்த நொடியில் அவன் கை நீண்டு மேசை விளக்கை அணைத்தது.

அறை முழு இருட்டானது. மஞ்சள் தீற்றல் மறைந்து மேடை துடைத்து வைத்தது போலத் தெரிந்தது. அண்ணன் முணுமுணுவென்று எண்ண ஆரம்பித்தான். "பதினாறு, பதினேழு, பதினெட்டு." பதினெட்டில் பெரியவரின் கையில் வெளிச்சம் ஊறியது. அவள் அழுத்தினாள். அவன் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வெளிச்சம் வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் தயாரானாள். எட்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இருட்டிலும் அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது நிமிடத்தில் எண்ணிக்கை நின்றது.

"விட்டுட்டேன்" என்றான், கிசுகிசுப்பாக. "அவர் கடுதாசியை மடிச்சாச்சா? எனக்கு இங்கேருந்து கை தெரியலை."

பாப்பாவுக்குத் தெரிந்தது. அந்த லென்ஸில் பெரியவரின் விரல் நகம்கூடத் தெரிந்தது. "இன்னும் மடிக்கறார். இரு. மடிச்சாச்சு. நாற்காலியைப் பிடிக்கறார். உட்காரலை, இரு, அவசரப்படாதே. குனியறார்." அவள் மூச்சைப் பிடித்தாள். "இப்போ."

வெளிச்சம் நாற்காலியில் விழுந்தது. நாற்காலியில் பெரியவர் இருந்தார். கடிதம் மடியில், முகம் பாதி வெளிச்சத்தில். அவள் மூன்று தடவை அழுத்தினாள். கீழே ஒரு சலனமும் இல்லை.

மேடை முழுக்க இருண்டு திரை விழுந்ததும் அண்ணன் விளக்கைப் போட்டான். உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்தான். பாப்பா கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"முதல்ல நீ பாரு."

கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவன் வெகுநேரம் பார்த்தான். "மூக்குக்குக் கீழ நிழல் கொஞ்சம் ஜாஸ்தி. நாளைக்குக் குறைச்சுடறேன்" என்றான். அண்ணன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கீழே இயக்குநர் அம்மாள், புகைப்படக்காரி இன்று வரவே இல்லையா, சத்தத்தையே காணோமே என்று தேடிக்கொண்டிருந்தார். பாப்பா இறங்கிப்போய்ப் படத்தைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, சுவரொட்டிக்கு இதுதான், அடுத்த நாடகத்துக்கும் நீதான் என்று சொல்லிவிட்டு நடிகர்களைத் திட்டப் போய்விட்டார்.

---

ஐந்து நாற்பதுக்கு இரும்புப் படியடியில் நின்று கடைக்குப் போன் செய்தாள். லென்ஸ் எனக்குத்தான், கேமராவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான்.

"அதை எப்படிம்மா சொல்றது" என்று கடைக்காரர் இழுத்தார். "உங்க வீட்டுக்காரர் அஞ்சு மணிக்கே வந்துட்டார். உங்க பழைய ஜூம் மேசை மேல இருக்கறதைப் பார்த்ததும், புதுக் கேமராவுக்கு மாத்தா நீங்களே குடுத்துட்டுப் போயிருக்கீங்கன்னு முடிவு பண்ணிட்டார். பெட்டியை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நான் சொல்றது எதுவும் காதுல ஏறலை. இருங்க, குடுக்கறேன்."

"பாப்பா" என்றது கணவரின் குரல். "இதுல சத்தமே வராது. பத்து தடவை அழுத்திப் பார்த்துட்டேன். இனிமே யாருக்கும் பயந்துக்கிட்டு நீ படம் எடுக்க வேண்டாம். பில் போடச் சொல்லட்டுமா?"

கேட்காமல் கடைக்குப் போனதற்குக் கோபம் வர வேண்டும். வந்தது அழுகை. அந்த மனிதர் பகலெல்லாம் அவளுக்காகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். பாப்பா போனைக் காதில் வைத்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அறையைப் பூட்டிக்கொண்டு அண்ணன் படியிறங்கி வந்தான். "யாரு, மாப்பிள்ளையா?" என்றான்.

அவள் தலையாட்டினாள். அவன் கையை நீட்டினான்.

"குடு பாப்பா, நான் பேசறேன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் கை தானாக நீண்டுவிட்டது. போனை வாங்கியவன் உடனே காதில் வைக்கவில்லை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"அந்தப் படத்தை அனுப்பினது நீ இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீயா இருந்தா முதல்ல என்கிட்ட காட்டியிருப்ப. படத்துக்காக எனக்குக் கோபம் இல்லை. என்கிட்டயே பொய் சொன்ன பாரு, அதுக்குத்தான்."

எட்டு மாதமாக அவள் மூடி வைத்திருந்த ரகசியத்துக்கு மூடியே இல்லை.

"மாப்பிள்ளை, நான்தான்" என்றான் அண்ணன் போனில்.

கடை மூட இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.